முத்துமாரி பிரித்த நரம்புகள்

அம்சவேணி ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்த அன்று, முத்துமாரியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை முடிந்து, கம்பெனி வேனில் ஏறி, தெருமுனையில் இறங்கி, அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். வலது காலில் செருப்பு இல்லை என்பதை எதிர்வீட்டு அம்மா சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாள். "எங்க வுட்டேன்னே தெரிலக்கா" என்று அவளே சிரித்தாள். "ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டறா, தன் காலுல இருக்கா இல்லியான்னு தெரியல" என்று அவள் புருஷன் பார்த்திபன் கேலி செய்தான். 2015ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம். தங்கையைப் பார்க்க வேலூரிலிருந்து வந்திருந்த முத்துமாரி, காப்பி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பதினோரு வருஷமாக மனிதக் கால்களின் நரம்புகளை ஊசி முனையில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்குச் சோறு இறங்காது.

முத்துமாரி மருத்துவர் இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அவள் பட்ட பாட்டில் பாதி இதனால் வந்தது. அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அம்மா பூவம்மாள் வீட்டில் பீடி சுற்றினாள். மூத்தவளைப் படிக்க வைக்க முடிந்தது. ஆறு வயது இளையவளான அம்சவேணி பத்தாவதில் இருந்தபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கி, அவர் வேலைக்குப் போவது நின்றது, இவள் பள்ளிக்கூடம் போவதும் நின்றது. முத்துமாரி வாணியம்பாடியில் விலங்கியல் முடித்து, வேலூருக்கு அருகே ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் எம்.எஸ்ஸி. படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். முதலாண்டு மாணவர்களுக்குப் பிரேத மேசையில் தசையையும் நரம்பையும் பிரித்துக் காட்டுவது அவள் பொறுப்பு. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் துறையில் டாக்டர்கள் அவளை "முத்துமாரி" என்றுதான் கூப்பிட்டார்கள். எம்.பி.பி.எஸ். படிக்காதவள் அந்தத் துறைக்கு ஒருநாளும் தலைவியாக முடியாது என்பது அவளுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் வேறு மாதிரி. பிணத்தைத் தொடுகிற கையென்று பூவம்மாள் அவளுக்குத் தனி சோப்பு வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், வேலை என்னவென்று தெரிந்ததும் போன் எடுக்கவில்லை. பிணத்தைப் பதப்படுத்தும் பார்மலின் வாடை துணியில் ஒட்டிக்கொண்டு வரும். "என் மேல அடிக்கிற நாத்தத்துக்கு இது எவ்ளோவோ தேவலைம்மா" என்று அப்பா மட்டும் சொல்வார். அவர் போன பிறகு அதைச் சொல்ல யாருமில்லை.

அவள் எடுத்துக்கொண்ட வேலையை இரண்டு வார்த்தையில் சொல்லலாம், செய்ய இரண்டு கண்ணும் ஒரு கழுத்தும் தேய வேண்டும். பாத ஓரத்தின் தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு வெளிக்கணுக்காலுக்குப் பின்னே, தோலுக்கடியில் ஓடுகிறது. அந்த ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொரு இழையும் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன செல், தன் இழையைக் கால் விரல்வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம் நீட்டி வைத்துக்கொண்டு, அந்த நீளம் முழுவதற்கும் தானே சாப்பாடு அனுப்புகிறது. இந்த இழைகள் நாற்பது வயதில் எப்படி இருக்கும், அறுபதில் எப்படித் தேயும் என்றெல்லாம் புத்தகத்தில் எண்கள் இருந்தன. அந்த எண்கள் குளிர் நாட்டு மனிதர்களின் கால்களிலிருந்து வந்தவை. வாழ்நாள் முழுக்கச் சுண்ணாம்பில் நின்ற கால், குடியாத்தத்தில் தறி மிதித்த கால், வெறுங்காலோடு வயலில் இறங்கிய கால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்தக் கல்லூரியில் யாரும் கேட்காத கேள்வி.

தானமாக வரும் உடல் கல்லூரிக்குள் வந்த சில மணி நேரத்துக்குள், பதப்படுத்தும் முன்பே, இரண்டு அங்குல நரம்பை எடுத்துவிடுவாள். அதை மருந்தில் ஊற வைத்துக் கறுக்கச் செய்து, கிளிசரினில் போட்டு, உருப்பெருக்கிக்குக் கீழே இரண்டு ஊசிகளால் ஒவ்வோர் இழையாகப் பிரிப்பாள். தலைமுடியைவிட மெல்லியது. கொஞ்சம் அவசரப்பட்டால் அறுந்து போகும். ஒரு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் பதினைந்து இழை தேறும். அப்படி அறுபத்து நாலு பேரின் கால்களிலிருந்து ஆறாயிரம் இழைகளைப் பிரித்து, அளந்து, வயதுவாரியாக அட்டவணை போட்டாள். மற்ற ஊர்களிலிருந்து நரம்பியல் டாக்டர்கள் அந்த அட்டவணையைக் கேட்டு எழுதினார்கள். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

உண்மையில் அறுபத்தாறு பேர். இரண்டு பேரை அவள் அட்டவணையில் சேர்க்கவில்லை.

முதலாவது 2009இல் வந்த நாற்பத்தொரு வயதுப் பெண். பள்ளிகொண்டாவைச் சேர்ந்தவர், மஞ்சள் காமாலையில் இறந்தவர். அந்த இழைகளில் சீராக ஓட வேண்டிய கறுப்புக் கோடு, கரும்பில் வருவதுபோல இழையில் இடைவிட்டு வரும் ஒவ்வொரு கணுவுக்கும் சற்று முன்னே உப்பிப் போயிருந்தது. மழைக்குப் பின் கயிற்றில் தொங்கும் தண்ணீர்த் துளிகளைப் போல வரிசையாக வீக்கங்கள். முத்துமாரி துறைத் தலைவர் டாக்டர் கோதண்டராமனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கெட்டவர் இல்லை, நிறையப் படித்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"ஆர்ட்டிஃபேக்ட்மா, நிஜ நோயில்ல. உடம்பு லேட்டா வந்திருக்கும். இல்ல, நீ இழுத்த இழுப்புல உப்பியிருக்கும்."

"நான் அப்படி இழுக்கல சார். ஒரே இடத்துலயே உப்பியிருக்கு, எல்லா இழையிலயும்."

"உன் டேபிள்ல இத சேத்தா, மீதிய யாரும் நம்ப மாட்டான். வுட்டுடு."

விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆணின் காலில் அதே வீக்கங்கள் வந்தபோது அவரிடம் காட்டக்கூட இல்லை. நோட்டில் தேதி போட்டு எழுதி, பக்கத்தின் ஓரத்தில் 'பழுது' என்று குறித்துவிட்டு அடுத்த உடலுக்குப் போனாள்.

செருப்பு தொலைந்த நாலு மாதத்துக்குப் பிறகு, ஐப்பசியில் ஒரு ஞாயிறு மதியம் மறுபடி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அம்சவேணி சமையலறையிலிருந்து குழம்பைக் கொண்டுவரும்போது, நிலைப்படியைத் தாண்ட முழங்காலைத் தேவைக்கு மேல் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று போட்டாள். முத்துமாரி சாப்பிட்டபடியே பார்த்தாள். அவள் திரும்பிப் போகும்போது மறுபடி பார்த்தாள். வாயிலிருந்த சோறு மெல்லப்படாமல் நின்றது.

"அம்சா, எவ்ளோ நாளா இப்பிடி நடக்கற?"

"எப்பிடி?"

"காலத் தூக்கித் தூக்கி வெக்கறியே."

"தூக்கலன்னா வெரலு தடுக்குதுக்கா. ரெண்டு வாட்டி வுழுந்துட்டேன். டாக்டர் சக்கரை இருக்கான்னு பாத்தாரு, இல்லன்ட்டாரு. சத்து கம்மின்னு பத்து ஊசி போட்டாங்க."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ செத்தவங்களுக்குப் பாக்கற ஆளு" என்று சொல்லி அம்சவேணி சிரித்தாள்.

கை கழுவிவிட்டு முத்துமாரி அவளைப் பாயில் கால் நீட்டி உட்கார வைத்தாள். தங்கையின் புடவையிலிருந்தே ஒரு சேஃப்டி பின்னைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, குத்தும்போதெல்லாம் 'உம்' சொல்லச் சொன்னாள். பெருவிரலில் குத்தினாள். மற்ற விரல்களில் குத்தினாள். உள்ளங்கால், குதிகால், கணுக்கால். அம்சவேணி கண்ணை மூடியபடி அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, எப்ப ஆரம்பிக்கப் போற? அடுப்புல ரசம் இருக்குது."

அவள் பெருவிரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வந்தபோதுதான் அம்சவேணி 'ஸ்' என்று காலை இழுத்தாள். பிறகு முத்துமாரி அவள் கைகளைப் பார்த்தாள். விரல்கள் பத்திலும் முழு உணர்ச்சி இல்லை. நீளமான நரம்புதான் முதலில் பட்டினி கிடக்கும், காலுக்கு அடுத்து கை. முத்துமாரி இதை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறாள்.

கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் டாக்டர் மின்சாரப் பரிசோதனை செய்தார். கால் நரம்புகளில் சமிக்ஞை பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் தெரிய, கணுக்கால் நரம்பில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்த இடத்தில் பாதத்தின் ஓரம் மரத்தே இருக்கும் என்று முத்துமாரிதான் தங்கையிடம் விளக்கினாள்.

"ஏற்கெனவே மரத்த இடந்தானே, எடுத்துக்கோ" என்றாள் அம்சவேணி.

துண்டில் பாதி முத்துமாரியின் மேசைக்கு வந்தது. இழை பிரிக்க அந்த வளாகத்தில் அவளை விட்டால் வேறு ஆளில்லை. பதினோரு வருஷத்தில் அவள் பிரித்ததெல்லாம் முடிந்துபோனவர்களின் நரம்பு. இது, இரண்டு கட்டடம் தள்ளி வார்டில் கால்மேல் கட்டுப் போட்டுக்கொண்டு டீ குடிக்கிறவளின் நரம்பு. நாலாவது இழையைக் கண்ணாடியில் நீட்டிப் போட்டபோதே தெரிந்துவிட்டது. கணுவுக்குச் சற்று முன்னே வீக்கம். அடுத்த கணுவில் வீக்கம். அதற்கடுத்ததில்.

எழுந்து அலமாரியைத் திறந்து 2009ஆம் வருஷ நோட்டை எடுத்தாள். அதில் வரைந்திருந்த படமும் இதுவும் ஒன்றாக இருந்தன. பிறகு அலுவலகத்துக்குப் போய் உடல்தான விண்ணப்பங்களின் கட்டைக் கேட்டு வாங்கினாள். 'தொழில்' என்றொரு கட்டம் அதில் எப்போதும் உண்டு, அவள் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. தறியையும் சுண்ணாம்பையும் பற்றித் தெரிந்துகொள்ளக் கிளம்பியவள், உடலைப் பார்த்தாளே தவிர, தாளைப் பார்க்கவில்லை. பள்ளிகொண்டாப் பெண் தாயாரம்மாள்: ஷூ கம்பெனி, பேஸ்டிங். 2011இல் வந்தவர்: தோல் பை கம்பெனி, ஒட்டு வேலை. அம்சவேணி, பசை தடவி ஒட்டும் பேஸ்டிங் பகுதியில் சேர்ந்தது 2010. தாயாரம்மாளின் இழைகளை ஒதுக்கிய மறு வருஷம்.

கோதண்டராமன் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. மூன்று பேரின் இழைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டினாள். அவர் ஒன்று மாற்றி ஒன்றாக உருப்பெருக்கியில் பார்த்தார்.

"நான் வுட்டுடுன்னு சொன்னேன், நீயும் வுட்டுட்டியே முத்துமாரி" என்றார் கடைசியில். "பாத்தது நீ. எங்கிட்ட நீ சண்ட போட்டிருக்க வேணாமா?"

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அவளுக்கு ஆறவே இல்லை. சண்டை போடுகிற இடத்திலா அவளை வைத்திருந்தார்கள் என்று கேட்க நினைத்தாள்.

கம்பெனியில் ஒட்டுப் பசையைச் 'சொல்யூசன்' என்பார்கள். மேல்தோலையும் உள்தோலையும் ஒட்ட, பெண்கள் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் தடவுவார்கள், கையில் பட்டதைச் சொல்யூசன் கலக்கும் தண்ணீர் மாதிரியான திரவத்தாலேயே துடைப்பார்கள். அந்தப் பகுதியின் சூப்பர்வைசர் கலீமுல்லா அம்சவேணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர், முத்துமாரி கேட்டதும் அக்கம்பக்கம் பார்த்தார்.

"டப்பா மேல இன்னா பேரு இருக்குதுன்னு எழுதித் தர்றேன் மேடம். ஒரு சின்ன பாட்டில்ல ஊத்தியும் தர்றேன். என் பேரு மட்டும் வேணாம்."

"ஜன்னல் தொறந்திருக்குமா?"

"தூசி வந்து ஒட்டிக்கும்னு மூடி வெப்போம். ஃபேன் போட்டா சொல்யூசன் சீக்கிரம் காஞ்சிடுது, அதுவும் ஆஃப். பொம்பளைங்க தல சுத்துது தல சுத்துதுன்னுவாங்க. சாப்பிடாம வந்திருப்பாங்கன்னு நான் திட்டுவேன்." சட்டைப் பொத்தானைக் காட்டினார். "ஒரு மாசமா இத என் வீட்டுக்காரம்மாதான் போட்டு வுடறாங்க. வயசு ஆவுதுன்னு நெனச்சேன்."

அவருக்கு வயது நாற்பத்து நாலு.

வேதியியல் துறையில் பாட்டிலைச் சோதித்தார்கள். ஹெக்சேன் ஏராளமாக இருந்தது. மூச்சில் உள்ளே போனால் மாதக்கணக்கில் சேர்ந்து நரம்பின் இழையைக் கெடுக்கும் என்று உலகத்தில் பல இடங்களில் எழுதி வைத்த பொருள்தான். ஆம்பூரில் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. கலீமுல்லா பெண்களிடம் காதும் காதும் வைத்த மாதிரி சொல்லி, வார லீவில் இரண்டு மூன்று பேராக அனுப்பினார். பத்தொன்பது பேர் வந்தார்கள். பதினொரு பேரின் கால்களில் உணர்ச்சி குறைந்திருந்தது. அவளுடைய அட்டவணை இல்லாவிட்டால், இது வயதுக்கும் வேலைக்கும் சகஜமான தேய்மானம் என்று சொல்லித் தள்ளியிருப்பார்கள். விண்ணப்பங்களிலிருந்து ஒவ்வொருவர் தொழிலையும் இப்போது அட்டவணையில் சேர்த்திருந்ததால், முப்பது வருஷம் சுண்ணாம்பில் நின்ற காலின் நரம்பும் இவ்வளவு கெட்டுப்போகாது என்று அவளால் எண்ணோடு சொல்ல முடிந்தது. நரம்பியல் டாக்டரோடு சேர்ந்து எழுதி, தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்பினாள்.

அம்சவேணியிடம், "வேலைய வுட்டுடு, காத்துல அது இல்லன்னா நரம்பு தானா வளரும்" என்று சொன்னாள். சொன்னதை நம்பித்தான் அவள் வேலையை விட்டாள்.

விட்ட பிறகு மோசமானாள். இந்த நோய்க்கு அந்தக் குணம் உண்டு. விஷம் நின்ற பிறகும் சில மாதம் சேதம் முன்னே போய்க்கொண்டே இருக்கும். முத்துமாரி அதை ஒரு கட்டுரையில் படித்திருந்தாள், தங்கையிடம் சொல்லத் தவறிவிட்டாள். முதல் மாதம் பாதம் முழுக்கத் தொங்கியது. இரண்டாவது மாதம் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. மூன்றாவது மாதம் தட்டில் சோற்றைப் பிசைய விரல் கூடவில்லை, மகள் நித்யஸ்ரீ ஊட்டிவிட்டாள். ஒருநாள் முத்துமாரி உள்ளே நுழைந்ததும் அம்சவேணி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"கம்பெனில இருந்தவரைக்கும் நடந்துட்டுப் போய் நடந்துட்டு வந்தேன். நீ வுடச் சொன்ன, வுட்டேன். இப்ப பாரு. பாத்ரூமுக்கு என் பொண்ணு தூக்குது."

"இது நின்னுடும் அம்சா. அஞ்சாறு மாசத்துல நிக்கும், அப்புறம்..."

"ஊருக்கு முன்னாடி என் கால அறுத்துப் பாத்தியே, அப்ப இது தெரியாதா உனுக்கு? படம் எடுத்தியே, ரிப்போர்ட்டுல போட்டியே. அதுல இருக்குதா நான் எப்ப எழுந்து நடப்பேன்னு?"

பார்த்திபன் முத்துமாரியை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "கொஞ்ச நாளைக்கு வராதிங்க அண்ணி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

சோதனைக்கு வந்த பெண்களிடமும் செய்தி பரவியது. வேலையை விட்டவளே படுத்துவிட்டாள், நாம் ஏன் விட வேண்டும் என்றார்கள். அடுத்த லீவு நாளில் யாரும் வரவில்லை. கம்பெனி சத்தமில்லாமல் டப்பாவை மாற்றியது, ஜன்னல்களைத் திறந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். கலீமுல்லாவை வேறு ஊர் யூனிட்டுக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, வேலையை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்தருகே மச்சான் கடையில் உட்கார்ந்தார். முத்துமாரி பார்க்கப் போனபோது, "பேஜார் புடிச்ச வேல மேடம், போனா போவுது" என்றார். பொத்தான் இல்லாத ஜிப்பா போட்டிருந்தார்.

தங்கை வீட்டுக்குப் போகக் கூடாத அந்த நாட்களில்தான் முத்துமாரி பள்ளிகொண்டாவுக்குப் போனாள். தாயாரம்மாளின் கணவர் கோவிந்தசாமி தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சாமி, சடங்கு எதிலும் நம்பிக்கையில்லாதவர். மனைவியும் தானுமாகக் கையெழுத்துப் போட்டு உடலைத் தானமாக எழுதி வைத்திருந்தார்கள். கல்லூரியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பசங்களுக்கு உபயோகமா இருந்தாளாம்மா?" என்று கேட்டார்.

முத்துமாரி எல்லாவற்றையும் சொன்னாள். பசையைச் சொன்னாள், வீக்கத்தைச் சொன்னாள், 2009இல் பார்த்ததையும் ஒதுக்கியதையும் மறைக்காமல் சொன்னாள். நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற சத்தம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

"கோயில் தெருவுல வுழுந்தா. மார்க்கெட்டுல வுழுந்தா. கைல இருந்து டம்ளரு நழுவும்" என்றார் கோவிந்தசாமி. "கவனமே இல்லன்னு நான் திட்டுவேன். ஒரு நாளு, குடிச்சிருக்கியாடின்னே கேட்டுட்டேன். உக்காந்து தண்ணியத் தொடைச்சா."

எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"நீங்க அப்பவே வெளிய சொல்லியிருந்தா?"

"என் தங்கச்சி அந்த வேலைல சேந்திருக்க மாட்டா."

மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, அது அந்த அறையில் கால் காசு பெறாது என்று தோன்றியது. கிளம்பும்போது அவர், "என் கையெழுத்தும் அங்கதான் இருக்குது. எனுக்கு வந்தா ஒழுங்காப் பாருங்க" என்றார்.

அட்டவணையை அவள் மறுபடி எழுதினாள். அறுபத்தாறு பேராக. அந்த இரண்டு பேரையும் முதலில் ஏன் விட்டேன் என்பதையும் அதிலேயே எழுதினாள். அது தேவையில்லை, உன் பெயர்தான் கெடும் என்று பலர் சொன்னார்கள். கட்டுரை வெளிவந்தது. சில மருத்துவமனைகளில், காரணம் தெரியாமல் கால் மரத்து வருகிறவர்களிடம் முதலில் வேலை என்ன என்று கேட்கத் தொடங்கியிருப்பதாக நரம்பியல் டாக்டர் சொன்னார். கல்லூரியில் உடல்தான விண்ணப்பத்தின் தொழில் கட்டத்தை இப்போது அவளே உட்கார்ந்து குடும்பத்தாரிடம் கேட்டு நிரப்புகிறாள். பதவி அதேதான். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர் ஒருவர் துறைத் தலைவராகிவிட்டார்.

அம்சவேணியின் நோய் ஆறாவது மாதம் நின்றது. கை திரும்ப ஒரு வருஷம் ஆனது, கால் முழுக்கத் திரும்பவேயில்லை. பாதம் தொங்காமலிருக்க முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறாள். வந்து போகலாம் என்று நித்யஸ்ரீதான் பெரியம்மாவுக்குப் போன் செய்தாள். அக்காளும் தங்கையும் அந்த மூன்று மாதத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கொரோனாவுக்குப் பிறகு கம்பெனிகள் பேஸ்டிங் வேலையை மெல்ல மெல்ல வெளியே கொடுக்கத் தொடங்கின. வேனில் மேல்தோல் கட்டுகள் வரும், கூடவே டப்பா வரும், பெண்கள் வீட்டிலேயே ஒட்டிக் கொடுப்பார்கள். பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் அதே இடத்தில், படுக்கையும் அதே இடத்தில். டப்பாவில் இப்போது பெயரே இல்லை, வேறொன்றிலிருந்து ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். எந்த ஆய்வாளரும் அந்தச் சந்துக்குள் வருவதில்லை. இதைக் கேள்விப்பட்டு முத்துமாரி தனியாகப் போனபோது, யாரோ கவர்ன்மெண்ட் ஆள் வேலையைக் கெடுக்க வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்தினார்கள். மூன்று வீடுகளில் சாத்தினார்கள். திரும்பி வந்து தங்கையிடம் சொன்னாள். அம்சவேணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு காலையில் முத்துமாரி வந்தபோது, கூட வரத் தயாராகப் பட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவள் போனால் திறக்கிறார்கள். பாதிப் பேர் அவளோடு ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். உள்ளே போய் உட்கார்ந்து, பட்டையைக் கழற்றிக் காலைக் காட்டுவாள், பிறகு முத்துமாரி பஞ்சையும் ஊசியையும் எடுப்பாள். இந்த வருஷம் பொங்கலிலிருந்து நாற்பது வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு ஆரம்பம் தெரிந்தது. இரண்டு பேர் ஒட்டு வேலையை விட்டார்கள். மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம் என்றார்கள்.

போன வாரம் போன வீட்டில் ஜன்னலே இல்லை. இருபத்து நாலு வயதுப் பெண், மடியில் தோல்கட்டு, பக்கத்தில் திறந்த டப்பா. காலைப் பார்த்து முடித்ததும், முத்துமாரி வழக்கம்போல எல்லாம் விளக்கினாள். வேலையை நிறுத்தினால் முதலில் அதிகமாகும், பயப்படக் கூடாது, பிறகு குறையும் என்பதையும் சேர்த்து. அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"சரிக்கா" என்றாள் அம்சவேணியைப் பார்த்து. "இந்தக் கட்டு மட்டும் நாளைக்குத் தரணும். முடிச்சிட்டுச் சொல்றேன்."

இரண்டு பேரும் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. அம்சவேணி ஒரு கையால் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அடுத்த வாரம் எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை. முதலில் இதே வீட்டுக்குத்தான் மறுபடி வர வேண்டியிருந்தது. குடியாத்தம் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர்களுடையது வர இன்னும் நேரமிருந்தது.